கடைசி 6 செகண்ட்ல ஃப்ரீ த்ரோ ஃபேக்: "நான் கொடுத்த தீர்ப்பு தப்பா சார்?"

கொங்கு பக்கம் ஒரு டவுன்ல இருந்து, ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருக்கற 28 வயசு தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். பாஸ்கெட்பால் ரெஃப்ரி பரீட்சை பாஸ் பண்ணி, லோக்கல் டோர்னமென்ட்ல விசில் ஊத ஆரம்பிச்சிருக்கார். ஒரு கிளப் டோர்னமென்ட் செமிஃபைனல். நாலாவது குவார்ட்டர்ல 6 செகண்ட் பாக்கி, மஞ்ச ஜெர்ஸி டீம் 66, நீல ஜெர்ஸி டீம் 68. மஞ்ச டீம் 11-ஆம் நம்பருக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காம கோட்டுல நின்னு கூடையில போடறது, ஒண்ணுக்கு ஒரு பாயின்ட்). முதல் பந்து உள்ள, 67-68. ரெண்டாவதுக்கு அந்தப் பையன் கையைத் தூக்கி போடற மாதிரி காட்டிட்டு போடாம நிறுத்திட்டான், அதை நம்பி நீல டீம் 7-ஆம் நம்பர் லேனுக்குள்ள, அதாவது கூடைக்கு முன்னாடி இருக்கற கட்டத்துக்குள்ள, காலை வெச்சுட்டான். தம்பி விசில் ஊதி, நீல டீம் மேல வயலேஷன்னு (ரூல் மீறல்) காட்டி, மறுபடி போடச் சொல்லியிருக்கார். பந்து உள்ள போய் 68-68, அடுத்து நீல டீம் தூக்கி எறிஞ்ச ஷாட் விழல, ஓவர்டைம், மஞ்ச டீம் 79-75 ஜெயிச்சிருச்சு.

ஓவர்டைமுக்கு முந்தின இடைவேளையில நீல டீம் கோச் ஸ்கோர் எழுதற டேபிள் கிட்ட வந்து "அவன் ஃபேக் பண்ணான்"னு கத்தியிருக்கார். க்ரூ சீஃபா, அதாவது மெயின் ரெஃப்ரியா இருந்த சீனியர் "அதெல்லாம் எங்க ஜட்ஜ்மென்ட், போங்க"ன்னு அனுப்பிட்டார். மறுநாள் காலையில நீல டீம் எழுத்துல புகார் கொடுத்திருக்கு. கமிட்டி ஆளுங்க "கடைசி 6 செகண்டை மறுபடி ஆட வெச்சிடலாமா, நீங்களே தப்புன்னு எழுதிக் கொடுங்க"ங்கறாங்க, சீனியரோ "7-ஆம் நம்பர் முதல்ல வந்தான், அப்புறம்தான் ஃபேக்னு எழுது, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்"ங்கறார். நடுவுல யாரோ ரெண்டு பேர் இவர் பைக்கை மறிச்சு மிரட்டியும் இருக்காங்க. கேள்வி நாலு: தீர்ப்பு சரியா, மேட்ச் மறுபடி நடக்குமா, ரிப்போர்ட்ல என்ன எழுதறது, கடைசி நிமிஷத்துல இந்த மாதிரி விசித்திரமான விஷயத்துக்கு விசில் ஊதாமலே விட்டிருக்கலாமா.

தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன், தீர்ப்பு தப்பு. ஃபிபா (உலக பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல் புக்ல 43-ஆவது ஆர்ட்டிக்கிள்ல ஃப்ரீ த்ரோ போடறவன் என்னென்ன செய்யணும், செய்யக் கூடாதுன்னு வரிசையா இருக்கு. கோட்டுக்குப் பின்னாடி நிக்கணும், பந்து கைக்கு வந்து 5 செகண்டுக்குள்ள விடணும், பந்து ரிங்கைத் தொடறவரைக்கும் கோட்டை மிதிக்கக் கூடாது, கடைசியா, ஃபேக் பண்ணக் கூடாது. ஃபேக் பண்ணா அது ஷூட்டரோட வயலேஷன். அன்னைக்கு 67-68லயே ஸ்கோர் நின்னு, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேரா சைட்லைன்ல நீல டீமுக்கு த்ரோ-இன் (வெளிய நின்னு பந்தை உள்ள போடறது) கொடுத்திருக்கணும். ஃபேக்ல ஏமாந்து உள்ள வந்த 7-ஆம் நம்பர் மேல எதுவும் கிடையாது, ஏமாத்துனவனுக்குப் பரிசு கொடுக்கறதுக்கா அந்த ரூல் எழுதுனாங்க?

லெட்டர்ல "டிஃபென்டர் லேனுக்குள்ள வந்தா ரீ-த்ரோ தானே சார், நோ-பால் போட்டா ஃப்ரீ ஹிட் மாதிரி"ன்னு எழுதியிருக்கீங்க. பாதி சரி. போட்ட பந்து உள்ள விழுந்துட்டா டிஃபென்டர் வந்ததைக் கண்டுக்கவே வேண்டாம், பாயின்ட் செல்லும், அவ்வளவுதான். பந்து விழாம, டிஃபென்டர் மட்டும் முன்னாடியே வந்திருந்தாத்தான் மறுபடி போடக் கொடுக்கணும். ஷூட்டரோட டீம்மேட் வந்திருந்து பந்து விழலைன்னா எதிர் டீமுக்கு த்ரோ-இன், ரெண்டு பக்கமும் வந்திருந்து கடைசி பந்து விழலைன்னா ஜம்ப் பால் சிச்சுவேஷன், அதாவது பொசஷன் ஆரோ (அடுத்து பந்து யாருக்குன்னு டேபிள்ல காட்டற அம்பு) யார் பக்கம்னு பார்த்துக் கொடுக்கணும். உங்க கேஸ்ல பந்து கையை விட்டே போகல. அப்போ நடந்தது ஒண்ணே ஒண்ணு, ஃபேக்.

இதே கூத்து அமெரிக்காவோட ப்ரொஃபஷனல் லீகான என்பிஏ-லயும் நடந்திருக்குங்கறது தெரிஞ்சா கொஞ்சம் மூச்சு விடுவீங்க. 1982 நவம்பர் 30, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மேட்ச். 3 செகண்ட் பாக்கி, ஸ்பர்ஸ் 116-114 முன்னாடி, லேக்கர்ஸோட நார்ம் நிக்சன் ஃப்ரீ த்ரோ கோட்டுல நின்னு ஒரு ஃபேக் கொடுத்தார், ரெண்டு டீம் ஆளும் லேனுக்குள்ள பாஞ்சுட்டாங்க. ரெஃப்ரிங்க டபுள் வயலேஷன்னு சொல்லி நடுக்கோர்ட்ல ஜம்ப் பால் (ரெண்டு டீம் ஆளுக்கும் நடுவுல பந்தை மேல தூக்கிப் போடறது) போட்டுட்டாங்க. பந்து லேக்கர்ஸ் கைக்குப் போய், ஸ்கோர் சமமாகி, ரெண்டு ஓவர்டைம் தாண்டி அவங்களே ஜெயிச்சாங்க. ஸ்பர்ஸ் ப்ரொடெஸ்ட் பண்ணாங்க, லீக் அதை ஏத்துக்கிச்சு, 1983 ஏப்ரல் 13-ஆம் தேதி அந்த 3 செகண்ட்ல இருந்து மறுபடி ஆடி ஸ்பர்ஸ் 117-114 ஜெயிச்சுது. முழுநேர வேலையா விசில் ஊதறவங்களே அந்த நொடியில தடுமாறியிருக்காங்க.

அப்போ இங்கயும் மறுபடி ஆடலாமா?

இங்கதான் கமிட்டி ஆளுங்களும் நீங்களும் குழப்பிக்கறீங்க. மேல சொன்னது என்பிஏ. அங்க ரூலை ரெஃப்ரி தப்பா அப்ளை பண்ணாருன்னு டீம் ப்ரொடெஸ்ட் பண்ணலாம், லீக் ஆபீஸ்தான் முடிவு பண்ணும், அதுவும் ரொம்ப ரொம்ப அபூர்வம். 1982 மேட்சுக்கு அப்புறம் அடுத்தது 2007 டிசம்பர் 19 அட்லாண்டா, மயாமி மேட்ச்தான், 25 வருஷம் ஆச்சு. அதுல டேபிள்ல ஃபவுல் கணக்கைத் தப்பா எழுதி, அஞ்சு ஃபவுல்தான் இருந்த மயாமி ப்ளேயர் ஷகீல் ஓ'நீலை ஆறு ஆயிடுச்சுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. 2008 மார்ச் 8-ஆம் தேதி கடைசி 51.9 செகண்டை மறுபடி ஆடுனாங்க, அதுக்குள்ள ஓ'நீல் ஃபீனிக்ஸுக்கே டிரேட் ஆகிப் போயாச்சு. கணக்கைக் கோட்டை விட்டதுக்கு அட்லாண்டாவுக்கு 50,000 டாலர் ஃபைன்.

நம்ம ஊர்ல ஆடறது ஃபிபா ரூல். அதுல ப்ரொடெஸ்டுக்குன்னு தனி பகுதியே இருக்கு, காரணங்களும் சொல்லியிருக்காங்க. ஸ்கோர், டைம், ஷாட் கிளாக் கணக்குல தப்பு இருந்து அதை ரெஃப்ரிங்க திருத்தாம விட்டிருந்தா. மேட்சை ரத்து பண்றது, ஃபோர்ஃபீட் (எதிர் டீம் ஜெயிச்சதா அறிவிக்கறது) கொடுக்கறது மாதிரி முடிவு. தகுதியில்லாத ப்ளேயரை ஆட விட்டது. இதுல "ரெஃப்ரி வயலேஷனைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்"னு எங்கயும் இல்ல. போக, மேட்ச் முடிஞ்சு 15 நிமிஷத்துக்குள்ள கேப்டன் க்ரூ சீஃப் கிட்ட சொல்லி ஸ்கோர் ஷீட்ல ப்ரொடெஸ்ட் கட்டத்துல கையெழுத்து போடணும், ஒரு மணி நேரத்துக்குள்ள காரணத்தை எழுத்துல கொடுக்கணும். நீல டீம் மறுநாள் காலையிலதான் கொடுத்திருக்கு, கேப்டன் கையெழுத்தும் இல்லைங்கறீங்க. ஃபிபா கணக்குப்படி ரெண்டு பக்கத்துலயும் அவங்க கதவு மூடியாச்சு. லோக்கல் டோர்னமென்ட்டுக்குன்னு தனி ரூல் நோட்டீஸ் அடிச்சிருந்தா அதுல வேற மாதிரி இருக்கலாம், அதை வாங்கிப் படிங்க. ஆனா அது கமிட்டி எடுக்க வேண்டிய முடிவு. க்ரூ சீஃப் ஸ்கோர் ஷீட்ல கையெழுத்து போட்ட நிமிஷமே அந்த மேட்சோட உங்க ரெண்டு பேர் சம்பந்தமும் முடிஞ்சுது, ரிசல்ட்டை மாத்தற அதிகாரம் உங்ககிட்ட இல்ல, "நான் தப்பு பண்ணிட்டேன், 6 செகண்ட் மறுபடி ஆடுங்க"ன்னு எழுதிக் கொடுக்கற அதிகாரமும் இல்ல.

அதிகாரம் இல்லாதவங்க கடைசி செகண்ட்ல உள்ள நுழைஞ்சா என்ன ஆகும்னு 1972 மியூனிக் ஒலிம்பிக் ஃபைனலைப் பாருங்க. அமெரிக்கா 50, சோவியத் 49, 3 செகண்ட் பாக்கி. ஃபிபா செகரட்டரி ஜெனரல் வில்லியம் ஜோன்ஸ் டேபிளுக்கு இறங்கி வந்து 3 செகண்டைத் திருப்பி வைக்கச் சொன்னார், மேட்ச் நடக்கும்போது அப்படிச் சொல்ற அதிகாரம் அவருக்கு இல்ல, ஆனா யாரும் மறுத்துப் பேசல. கடைசி மூணு செகண்ட் திரும்பத் திரும்ப நடந்து, அலெக்சாண்டர் பெலோவ் போட்ட பந்துல சோவியத் 51-50. பிரேசில் ரெஃப்ரி ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்ல கையெழுத்து போட மாட்டேன்னுட்டார். அமெரிக்கா அப்பீல் 3-2ன்னு தோத்துது, அந்த டீம் சில்வர் மெடலை வாங்கவே இல்ல. உங்க கமிட்டி ப்ரெசிடென்ட் நல்ல மனசோடதான் சொல்றார்னு வெச்சுக்கிட்டாலும், நீங்க அதுக்கு ஒத்து ஊத வேண்டாம்.

உண்மையில கோட்டை விட்ட இடம்

எனக்கு இதுலதான் வருத்தம். விசில் ஊதுன நொடியில தப்பு நடக்கறது சகஜம், அதுக்காகத்தான் ஃபிபா 44-ஆவது ஆர்ட்டிக்கிளை வெச்சிருக்கு, கரெக்டபிள் எரர். கொடுக்கக் கூடாத ஃப்ரீ த்ரோ கொடுத்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதது, பாயின்டைத் தப்பா சேர்த்தது இல்லைன்னா அடிச்சது, தப்பான ஆள் ஃப்ரீ த்ரோ போட்டது. இந்த நாலும் திருத்தலாம், ஆனா ஒரு கெடு உண்டு. தப்பு நடந்து, கிளாக் ஓட ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் முதல் தடவை பந்து டெட் ஆகி (ஆட்டம் நின்னு), மறுபடி லைவ் ஆகறதுக்குள்ள (ஆட்டத்துக்கு வர்றதுக்குள்ள) கண்டுபிடிச்சாகணும்.

இப்போ உங்க மேட்சை இதுல பொருத்திப் பாருங்க. ரீ-த்ரோ உள்ள விழுந்துது, கிளாக் ஓடல. நீல டீம் த்ரோ-இன் பந்தை உள்ள இருந்தவன் தொட்டதும் ஓட ஆரம்பிச்சுது, 6 செகண்ட்ல பஸ்ஸர் அடிச்சு பந்து டெட். அடுத்து பந்து லைவ் ஆகறது ஓவர்டைமோட முதல் த்ரோ-இன்ல, பந்து ப்ளேயர் கைக்குப் போகும்போது. நடுவுல ரெண்டு நிமிஷம் இடைவேளை. அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நீல டீம் கோச் வந்து "ஃபேக்"னு கத்துனார். கெடு அப்போ திறந்தேதான் இருந்துது தம்பி. அந்த நேரத்துல ரெண்டு ரெஃப்ரியும் ஒதுங்கி நின்னு முப்பது செகண்ட் பேசியிருந்தா, ரூல் புக் பையில இருந்தா எடுத்தே பார்த்திருந்தாலும் கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிருக்காது. "ஜட்ஜ்மென்ட்"னு சீனியர் சொன்னதும் சரியில்ல. இடிச்சானா இல்லையாங்கறது ஜட்ஜ்மென்ட். ஃபேக் நடந்ததை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்க, அதுக்கு என்ன தண்டனைங்கறதுல ஜட்ஜ்மென்டே கிடையாது, அச்சடிச்சு வெச்சிருக்காங்க.

கோச் கத்துனாருங்கறதுக்காக அவரைத் தள்ளி விட்டாச்சு. கோச் கத்தறது பத்துல ஒன்பது தடவை அர்த்தமில்லாததா இருக்கும், ஒத்துக்கறேன், அந்தப் பத்தாவது தடவையைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியறதுக்குத்தான் சீனியர்னு ஒருத்தரைப் போடறோம்.

"விசிலே ஊதாம விட்டிருக்கலாமா?"

நீங்க மட்டும் இல்ல, நிறைய பேர் இப்படி நினைக்கறாங்க. கடைசி நிமிஷம்னா விசிலை முழுங்கிடு, ப்ளேயர்ஸ் முடிவு பண்ணட்டும்னு. 1993 ஏப்ரல் 5, அமெரிக்க காலேஜ் ஃபைனல், நியூ ஆர்லியன்ஸ். மிச்சிகன் 71-73 பின்னாடி. கிறிஸ் வெப்பர் ரீபவுண்ட் பிடிச்சு முன்னாடி வரும்போதே ஊரறிய டிராவல் (பந்தைத் தட்டாம கையில வெச்சுக்கிட்டு நடக்கற தப்பு), விசில் வரல. அப்படியே ஓடிப் போய் மூலையில மாட்டிக்கிட்டு, 11 செகண்ட் இருக்கும்போது டைம்-அவுட் கேட்டார், டீம் கிட்ட டைம்-அவுட்டே பாக்கி இல்ல. உடனே டெக்னிக்கல் ஃபவுல், நார்த் கரோலினாவுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும், மேட்ச் 77-71 முடிஞ்சுது. டைம்-அவுட்டுக்குக் கொடுத்த தீர்ப்பு நூத்துக்கு நூறு சரி. ஆனா முந்தின டிராவலை ஊதியிருந்தா அந்த வெப்பர் கதையே வந்திருக்காது. ஒண்ணை முழுங்குனா பிரச்சனை தீரறதில்ல, அடுத்த முனையில வேற ரூபத்துல வந்து நிக்கும். (சும்மா ஒரு தகவலுக்கு, ஃபிபால ப்ளேயர் உள்ள இருந்து டைம்-அவுட் கேக்கவே முடியாது, கோச்தான் டேபிள்ல கேக்கணும். அதனால நம்ம ஊர்ப் பையன் கையை "டி" மாதிரி காட்டுனா நீங்க பாட்டுக்கு மேட்சை ஓட விடுங்க.)

அதனால ஃபேக்குக்கு நீங்க விசில் ஊதுனது சரி, கை காட்டுன திசைதான் தப்பு. அந்தத் தைரியத்தை விட்டுடாதீங்க.

இன்னொண்ணு. கடைசி நிமிஷத்துலயும் ரூல் ஒண்ணுதான்னு சிலர் சொல்லுவாங்க, அதுவும் முழுசா சரியில்ல. கடைசி 2 நிமிஷத்துல ஃபிபாவே சிலதை மாத்தி வெச்சிருக்கு. த்ரோ-இன் போடறவன் முன்னாடி நிக்கற டிஃபென்டர் கோட்டைத் தாண்டி கையை நீட்டக் கூடாதுன்னு ரெஃப்ரி பந்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே சிக்னல் காட்டி எச்சரிக்கணும், அதுக்கு மேலயும் நீட்டுனா டெக்னிக்கல். பந்து இன்னும் த்ரோ-இன் போடறவன் கையில இருக்கும்போதே உள்ள ஒருத்தனை டிஃபென்டர் ஃபவுல் பண்ணா, 2022 ரூல்ல இருந்து அது த்ரோ-இன் ஃபவுல், ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவங்களுக்கே. அப்புறம் 0.3 செகண்ட் கணக்கு: கிளாக்ல 0.3 இருந்தாத்தான் பந்தைப் பிடிச்சு ஷாட் போடலாம், 0.2, 0.1னா தட்டி விடலாம் இல்ல நேரா டங்க் பண்ணலாம், அவ்வளவுதான். இந்தக் கணக்கு 1990 ஜனவரியில நியூயார்க்ல ட்ரென்ட் டக்கர் 0.1 செகண்ட்ல பந்தைப் பிடிச்சுத் திரும்பி ஷாட் போட்டு சிகாகோவை ஜெயிச்சதுல இருந்து வந்தது.

விசித்திரமான ரூலை மனப்பாடம் பண்ணா நிக்காது, கதையோட படிங்க. வேணும்னே சொந்தக் கூடையில பந்து போட்டா அது வயலேஷன், பாயின்ட் செல்லாதுன்னு ஒரு வரி இருக்கு இல்லையா, யாரு அப்படிப் போடப் போறான்னு தோணும். 1962 ஜனவரியில ரியல் மாட்ரிட் இத்தாலிக்குப் போய் இக்னிஸ் வரேஸே கூட ஆடுச்சு. ரெண்டு மேட்ச் கூட்டுத் தொகை பார்க்கற போட்டி. கடைசியில 80-80, ஓவர்டைம் போனா நிறைய பாயின்ட்ல தோத்துடுவோம்னு கோச் ஃபெராண்டிஸ் பயந்து, லொரென்சோ அலோசென் கிட்ட சொல்லி சொந்தக் கூடையிலயே போட வெச்சார். ரெண்டே பாயின்ட்ல, 82-80 தோத்துட்டு ஊருக்குப் போய் அடுத்த மேட்ச்ல பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சு மேல போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஃபிபா அதைத் தடை பண்ணுச்சு. தெரியாம சொந்தக் கூடையில விழுந்தா மட்டும் ரெண்டு பாயின்ட் எதிர் டீமுக்கு, உள்ள இருக்கற அவங்க கேப்டன் பேர்ல எழுதணும்.

ரிப்போர்ட்ல என்ன எழுதறது

சீனியர் சொல்ற மாதிரி மாத்தி எழுதவே எழுதாதீங்க. ஒழுக்கத்தை விடுங்க, நடைமுறையா யோசிங்க. செமிஃபைனல், கேலரி முழுக்க ஃபோன், கடைசி 6 செகண்ட் ஃப்ரீ த்ரோவை எத்தனை பேர் வீடியோ எடுத்திருப்பாங்க? ரூல் தெரியாம தடுமாறுன ரெஃப்ரிக்கு அடுத்த வருஷம் மேட்ச் கிடைக்கும், ரிப்போர்ட்டை மாத்தி எழுதுன ரெஃப்ரிக்குக் கிடைக்காது.

பார்த்ததை மட்டும், வரிசையா எழுதுங்க. குவார்ட்டர், கிளாக்ல இருந்த நேரம், ஸ்கோர், ஜெர்ஸி நம்பர். 11 ஷூட்டிங் அசைவை ஆரம்பிச்சு நிறுத்துனார், 7 லேனுக்குள்ள வந்தார், நான் 7 மேல வயலேஷன் கொடுத்து மாற்று ஃப்ரீ த்ரோ கொடுத்தேன், ஆர்ட்டிக்கிள் 43-படி 11 மேல வயலேஷன் கொடுத்திருக்கணும்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். இடைவேளையில கோச் வந்து சொன்னதையும் எழுதுங்க, ஆனா சீனியரைக் குத்தம் சொல்ற வார்த்தை ஒண்ணு கூட வேண்டாம், "க்ரூ சீஃப் மேட்சைத் தொடரச் சொன்னார்"னு நடந்ததோட நிறுத்திக்கங்க. நீல டீம் ஜெயிச்சிருக்கும், தோத்திருக்கும்னு ஜோசியமும் வேண்டாம். ரெஃப்ரி கன்வீனருக்கு அனுப்புங்க, ஒரு காப்பி வெச்சுக்கங்க. அனுப்பறதுக்கு முன்னாடி சீனியர் கிட்ட நேர்ல போய் "அண்ணே, நான் இப்படித்தான் எழுதறேன்"னு சொல்லிடுங்க. அவருக்குக் கோவம் வரலாம், வரட்டும், முதுகுக்குப் பின்னாடி எழுதுனான்னு மட்டும் பேர் வாங்காதீங்க. இதுல ஒரு ரிஸ்க் இருக்கறதை மறைக்க மாட்டேன், கொஞ்ச நாள் அவர் இருக்கற டோர்னமென்ட்ல உங்களைக் கூப்பிடாம விடலாம்.

வாட்ஸ்ஆப் குரூப்ல, ஃபேஸ்புக்ல ஒரு வரி கூட விளக்கம் போட வேண்டாம். நீல டீம் கோச் நேர்ல பார்த்துக் கேட்டா "ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன் சார்"னு மட்டும் சொல்லுங்க.

பைக்கை மறிச்சு மிரட்டுன விஷயம் வேற கணக்கு, அதை இந்தப் பஞ்சாயத்தோட கலக்காதீங்க. விளையாட்டுல சகஜம்னு உங்க வீட்ல சொல்றதா எழுதியிருக்கீங்க, சகஜம் இல்ல. கமிட்டிக்குத் தனியா ஒரு கடிதம் கொடுங்க, லோக்கல் ஸ்டேஷன்ல மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வெச்சுக்கங்க. கேஸ் போடறது போடாதது அப்புறம் பார்த்துக்கலாம், மறுபடி ஒரு தடவை நடந்தா அந்த ரசீதுதான் பேசும்.

அடுத்த மேட்ச்சுக்கு

விசிலை ஊதுங்க, கையை மட்டும் உடனே காட்டாதீங்க. வழக்கமான டிராவல், அவுட்னா பரவாயில்ல, ஆனா "இது என்னடா புதுசா இருக்கு"ன்னு தோணுற எதுக்கும் கடிகாரம் நின்னாச்சு, யாரும் எங்கயும் ஓடிடப் போறதில்ல. பார்ட்னரைக் கூப்பிட்டு மூணு கேள்வி: முதல்ல நடந்தது எது, பந்து கையில இருந்துதா விட்டாச்சா, கிளாக்ல எவ்வளவு. முடிவு பண்ணதும் ரெண்டு கோச்சையும் கூப்பிட்டு ஒரே வாக்கியத்துல சொல்லிட்டு அப்புறம் பந்தைக் கொடுங்க. மேட்ச்சுக்கு முன்னாடி பார்ட்னர் கூடப் பேசும்போதே, ஃப்ரீ த்ரோ நேரத்துல ஷூட்டரை யார் பார்க்கறது, லேனை யார் பார்க்கறதுன்னு பிரிச்சுக்கங்க. உங்க லெட்டரைப் படிச்சதுல அன்னைக்கு நீங்க ரெண்டையும் பார்த்திருக்கீங்க, சீனியர் எதைப் பார்த்தார்னே தெரியல.

அடுத்த மாசம் ஒரு டோர்னமென்ட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க, வேண்டாம்னு சொல்லலாமான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. போங்க. நீல டீம் அதுல ஆடுதுன்னா அவங்க மேட்ச் மட்டும் உங்களுக்குப் போட வேண்டாம்னு கன்வீனர் கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, காரணம் அவருக்கே தெரியும்.